பழைய லேப்டாப், போன் விக்கிறதுக்கு முன்னாடி டேட்டாவ சுத்தமா அழிக்கிறது எப்படி

டெலீட் அடிச்சு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டா ஃபைல் போயிடுச்சுன்னு நெறைய பேர் நம்பிட்டு இருக்காங்க. ஹார்ட் டிஸ்க்ல அப்படி போகாது. அந்த எடம் காலின்னு விண்டோஸ் குறிச்சு வச்சுக்குது, அவ்ளோதான், மேல வேற ஏதாவது எழுதுற வரைக்கும் பழைய ஃபைல் அங்கயே கெடக்கும், ரெக்குவா மாதிரி ஒரு இலவச சாஃப்ட்வேர் போதும் திரும்ப எடுக்க. குயிக் ஃபார்மேட்டும் இதே கததான். கார்ஃபிங்கல், ஷெலாட்னு எம்ஐடில இருந்த 2 பேர் செகண்ட் ஹேண்ட்ல 158 ஹார்ட் டிஸ்க் வாங்கி நோண்டிப் பாத்து 2003ல ஒரு கட்டுரை போட்டாங்க, அதுல ஒழுங்கா அழிச்சிருந்தது வெறும் 12. ஏடிஎம்ல இருந்து கழட்டுன டிஸ்க் கூட ஒண்ணு மாட்டுச்சு.

மொதல்ல பேக்கப். போட்டோ எல்லாரும் எடுத்துருவாங்க, ஓடிபி காட்டுற ஆத்தென்டிகேட்டர் ஆப்பையும் வாட்ஸ்அப் சாட்டையும்தான் மறப்பாங்க.

அடுத்து உங்ககிட்ட இருக்கறது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியான்னு பாருங்க, டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல போட்டிருக்கும். இது தெரியாம எதையும் ஆரம்பிக்காதீங்க, ஏன்னா ரெண்டுக்கும் வழி வேற வேற.

ஹார்ட் டிஸ்க்னா ஈஸி. முழுசா ஒரு தடவ பூஜ்யத்த எழுதிட்டா போதும். ஃபார்மேட் பண்ணும்போது குயிக் ஃபார்மேட் டிக்க எடுத்து விட்டுட்டா விஸ்டாவுக்கு அப்புறம் வந்த விண்டோஸ் எல்லாமே அந்த டிரைவ் முழுக்க பூஜ்யம் எழுதும். மொத்த டிஸ்க்கையும் அழிக்கணும்னா விண்டோஸோட வர்ற டிஸ்க்பார்ட்ங்கற கமாண்ட் டூல்ல டிஸ்க்க அதோட நம்பர் குடுத்து செலக்ட் பண்ணி க்ளீன் ஆல் குடுங்க (வெறும் க்ளீன்னு அடிச்சா பார்டிஷன் தகவல் மட்டும்தான் போகும்). தப்பான நம்பர செலக்ட் பண்ணிட்டா அழுதாலும் வராது, அதனால சைஸ ரெண்டு தடவ பாத்துட்டு என்டர் தட்டுங்க. 1 டிபிக்கு சில மணி நேரம் ஆகும். 35 தடவ எழுதணும்னு யாராச்சும் சொன்னா கண்டுக்காதீங்க, அது 1996ல குட்மன் எழுதுன கட்டுரைல வந்தது, அந்த காலத்து டிஸ்க்குங்களுக்கு சொன்னது, இப்ப அது தேவையில்லன்னு அவரே பின்னாடி எழுதிட்டாரு.

எஸ்எஸ்டிலதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. மேல மேல எழுதுற வேலை இங்க சரியா வராது. ஒரே எடம் தேஞ்சு போகக்கூடாதுன்னு கன்ட்ரோலர் ஒவ்வொரு தடவையும் வேற வேற செல்லுல எழுதும், அதுபோக நமக்கு காட்டாம கொஞ்சம் எடத்த ஒதுக்கி வச்சிருக்கும், பழைய துண்டு அங்க மிச்சம் இருக்கலாம். டிபான் (DBAN) மாதிரி மேல மேல எழுதி அழிக்கிற பழைய டூல எஸ்எஸ்டில ஓட்டுனா நேரமும் வேஸ்ட், எஸ்எஸ்டி ஆயுசும் கொறையும். செக்யூர் எரேஸ்னு ஒரு கமாண்ட் எஸ்எஸ்டிக்குள்ளயே இருக்கு, பல லேப்டாப்ல பயாஸ்லயே (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தெறக்குற செட்டிங்ஸ்) அந்த ஆப்ஷன் கெடைக்கும், இல்லன்னா சாம்சங் மெஜிஷியன் மாதிரி அந்தந்த கம்பெனி சாஃப்ட்வேர்ல தேடுங்க. சாட்டா எஸ்எஸ்டில டிரைவ் ஃப்ரோசன்னு வந்து மாட்டேன்னா லேப்டாப்ப ஸ்லீப்ல போட்டு எழுப்பிட்டு திரும்ப ட்ரை பண்ணுங்க, பெரும்பாலும் வழி விட்டுரும்.

என்ன கேட்டா எஸ்எஸ்டி வாங்குன அன்னிக்கே விண்டோஸோட பிட்லாக்கர் போட்டுடுறதுதான் பெஸ்ட், அது கீ இல்லாம படிக்க முடியாதபடி டேட்டாவ என்கிரிப்ட் பண்ணிரும். எல்லாமே என்கிரிப்ட் ஆகி இருந்தா கடைசில கீ போயிட்டா போதும், மிச்சம் எவன் கைல கெடச்சாலும் வெறும் குப்ப. கிளவுட்ல சேவ் ஆன ரெக்கவரி கீயையும் மறக்காம தூக்கிருங்க.

போன்ல இந்த வேலைய கம்பெனிக்காரனே பண்ணி வச்சிருக்கான். ஆண்ட்ராய்டு 10ஓட வந்த போனுங்க, அதுக்கு பின்னாடி வந்ததுங்க, அப்புறம் ஐபோன் எல்லாமே என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கு, ஃபேக்டரி ரீசெட் போட்டா கீ அழிஞ்சிரும். ஆனா அதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல போயி கூகுள் அக்கவுண்ட்ட ரிமூவ் பண்ணுங்க, ஐபோன்னா ஃபைண்ட் மைய ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா வாங்குனவரு உங்க பாஸ்வேர்ட் கேட்டு போன் மேல போன் போடுவாரு. மெமரி கார்ட கழட்டி நீங்களே வச்சுக்கோங்க, அத விக்கிற காசுக்கு ஒரு டீ கூட வராது.

ஆன் ஆகாத டிஸ்க்குக்கு சாஃப்ட்வேர் எதுவும் உதவாது. ஹார்ட் டிஸ்க்னா தட்டு வழியா ட்ரில்லிங் மெஷின்ல நாலஞ்சு ஓட்ட போடுங்க, எஸ்எஸ்டினா உள்ள இருக்கிற ஒவ்வொரு சிப்பையும் நொறுக்கணும், ஒண்ண விட்டாலும் அதுல டேட்டா இருக்கும். கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கோங்க, சில தட்டு கண்ணாடிலயே செஞ்சது, தெறிக்கும். செத்த போன மட்டும் சுத்தியலால அடிச்சுராதீங்க, பேட்டரி தீப்பிடிச்சுக்கும், கடைல குடுத்து பேட்டரிய கழட்டுன பிறகு போர்ட தனியா வாங்கிக்கோங்க.