கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள்

நாங்கள் இருப்பது பர்மாவின் கலோ. மலையூர், மார்கழியில் பல் கிட்டும். ஒரு ராத்திரி சின்னம்மா கரியடுப்பைக் கட்டிலருகே வைத்து, ஜன்னலிடுக்கெல்லாம் துணி அடைத்துப் படுத்தார். விடிந்தபோது எழவில்லை. உடம்பில் காயமில்லை, முகம்கூடச் சிவந்திருந்தது. பேய் அமுக்கியது என்றார்கள். இல்லை, கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும் வாயு. 1902இல் பாரிஸில் எழுத்தாளர் எமில் ஸோலா புகைபோக்கி சரியாக இழுக்காத அறையில் தூங்கி இறந்ததும் இதனால்தான்.

புகை இல்லையே என்று நம்பாதீர்கள். இதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. சாம்பல் மூடிய கங்கிலிருந்தும் வரும். அதனால் கரியை வெளியிலேயே மூட்டுங்கள், அங்கேயே குளிர் காயுங்கள். படுக்கும் அறைக்கு வெந்நீர் பாட்டிலும் கம்பளியும் போதும். மெழுகுவர்த்தி அணையவில்லையே என்ற சோதனை இதற்கு உதவாது.

வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டலா? காய்ச்சல் என்று மறுபடி படுக்காதீர்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இழுத்து வாருங்கள். அப்புறம் ஆஸ்பத்திரி. கரி மூட்டியிருந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.