பிலிப்பைன்ஸ் பெயர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்

கார்சியா, வில்யானுவேவா என்று பெயரைக் கேட்டதுமே 'தாத்தா ஸ்பெயின்காரரா?' என்று கேட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் இருக்காது. அந்தப் பெயர் ரத்தத்தில் வந்ததல்ல, அரசாங்க உத்தரவில் வந்தது.

பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது, 1849 நவம்பர் 21 அன்று கவர்னர் ஜெனரல் நார்சிசோ கிளவேரியா போட்ட உத்தரவு அது. அதுவரை பலருக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. ஞானஸ்நானத்தின்போது 'தே லா குரூஸ்', 'தே லோஸ் சாந்தோஸ்' என்று பக்தியாக ஒன்றை வைத்துக்கொள்வார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவலி. அதனால் சுமார் 60,000 பெயர்கள் கொண்ட அகரவரிசைப் பட்டியலைப் பிரித்து மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். ஊருக்குச் சில பக்கங்கள் என்று பங்கு போட்டதில், அல்பாய் மாகாணத்து ஓவாஸ் ஊரில் 'ஆர்' எழுத்துப் பெயர்களாகவே குவிந்துவிட்டன.

சரி, அப்படியானால் எல்லாமே ஸ்பானிஷ் பெயர்களா? அதுவும் தப்பு. பட்டியலிலேயே உள்ளூர் மொழிச் சொற்கள் ஏராளம். நான்கு தலைமுறையாகப் புழங்கிய பெயரை வைத்துக்கொள்ளவும் அனுமதி இருந்தது. முன்னாள் அதிபர் கொராசோன் அக்கினோவின் பிறந்த வீட்டுப் பெயரான கொஹுவாங்கோ, சீன முன்னோரிடமிருந்து வந்தது.

தூத்துக்குடிப் பக்கத்து பெர்னாந்துகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது போர்த்துக்கீசியர் வழி வந்த பெயர்.

படிவம் நிரப்பும்போது இன்னொரு குழப்பம். மரியா சாந்தோஸ் ரேயஸ் என்றால், பிலிப்பைன்ஸில் ரேயஸ்தான் அப்பா வழிப் பெயர். நடுவில் இருப்பது அம்மா வழி. ஸ்பெயினில் வழக்கமாக இதற்கு நேர்மாறு.

ஸ்பெயின்காரர்கள் 1565 முதல் 1898 வரை ஆண்டார்களே, பிலிப்பைன்ஸ் மக்கள் எல்லோரும் ஸ்பானிஷ் பேசியிருப்பார்கள் என்று நினைப்பதும் சரியல்ல. பாதிரியார்கள் உள்ளூர் மொழிகளைக் கற்றுப் பிரசங்கம் செய்தார்கள்; பரவலான பள்ளிக் கல்விக்கான ஆணையே 1863இல்தான் வந்தது. தெற்கு பிலிப்பைன்ஸின் சம்போவாங்காவில் பேசும் சவகானோவைக் கொச்சை ஸ்பானிஷ் என்று சொல்வதை அதைவிட மோசமான தவறு என்பேன். அது தனக்கென இலக்கணம் உள்ள தனி மொழி.

அப்புறம், வந்ததெல்லாம் நேரே ஸ்பெயினிலிருந்து வந்ததும் அல்ல. 1821 வரை மணிலா நிர்வாகம் மெக்சிகோ வழியாகத்தான் நடந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு பிலிப்பைன்ஸின் தாகலோக் மொழியில் சொல்லும் 'கமோத்தே', மெக்சிகோவின் நவாட்டில் மொழியிலிருந்து வந்தது. அடோபோ இறைச்சிக் குழம்புக்கோ பெயர் மட்டும்தான் ஸ்பானிஷ். வினிகரில் வேகவைக்கும் பக்குவம், ஸ்பெயின்காரர்கள் கப்பலிலிருந்து இறங்குவதற்கு முன்பே அங்கே அடுப்பில் இருந்தது.