கிரான் பேயை நடந்தே பழகுங்கள்

மொரீஷியஸின் வடகரையில் இருக்கும் கிரான் பேயில், மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். நீங்களும் அப்படித் தங்கப் போகிறீர்களா? முதல் வாரம் காரைத் தொடாதீர்கள்.

காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் கடற்கரைச் சாலையில் நடக்க முடியாது. நடைபாதையும் பல இடங்களில் ஒடுங்கிவிடும். என் அடையாளம் சூரிய உதய சங்கம் கோவில். கடலைப் பார்த்தபடி, வண்ண வண்ணச் சிலைகளோடு நிற்கும். செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தால் புது ஊர் என்ற பயமே போய்விடும்.

அப்புறம் லா குவெட் கடற்கரை, அதைத் தாண்டி பெரேபேர் என்ற அடுத்த கடற்கரை ஊர். சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். போகும்போது கடல் இடக்கைப் பக்கம், திரும்பும்போது வலக்கைப் பக்கம், வழி தவறாது.

பசித்தால் தால் பூரி வாங்குங்கள். பருப்புத்தூள் அடைத்துத் தேய்த்த மெல்லிய பூரி, நம் போளி மாதிரி, ஆனால் இனிப்பில்லை. ஒரு சோடியாக அடுக்கி, பீன்ஸ் குழம்பும் சட்னியும் தடவி, காகிதத்தில் சுருட்டித் தருவார்கள். குழம்பு முழங்கை வரை வழியும், குனிந்து சாப்பிடுங்கள். கேட்பதற்கு முன் ஒரு ‘பொன்ஸூர்’ (அவர்கள் வணக்கம்) சொல்லுங்கள், கடைக்காரர் முகம் மலர்ந்துவிடும்.

கால் வலித்தால் பஸ்ஸில் திரும்பலாம், சில்லறை வைத்திருங்கள்.