சுகர் இறங்கவில்லையா? முதலில் ஊசி போடும் இடத்தைப் பாருங்கள்

"ஊசியெல்லாம் ஒழுங்காத்தான் போடுறேன் சிஸ்டர், சுகர்தான் இறங்க மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. "எங்க போடுறீங்க, காட்டுங்கம்மா" என்றேன். தொப்புளுக்கு வலப்பக்கம் ரப்பர் போல ஒரு மேடு. "இங்க குத்தினா வலிக்கிறதே இல்ல" என்றார். பல மாதமாக அதே இடம்தான்.

வீட்டில் இன்சுலின் போடுபவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. கொழுப்பு திரண்டு மேடு தட்டிய இடத்தில் போடும் மருந்து, ரத்தத்தில் ஒரே சீராகச் சேராது. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுங்கள். வயிறு, தொடை என்று மாற்றுங்கள். மேடு தட்டிய இடத்துக்குச் சில மாதங்கள் ஓய்வு கொடுக்க வேண்டும். ஆனால் நல்ல இடத்துக்கு மாறியதும் அதே அளவு மருந்து கூடுதலாக வேலை செய்து, சுகர் சட்டென்று இறங்கிவிடலாம். மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது சிரிஞ்ச். நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் இன்சுலின் பாட்டிலில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். இதையே தலைகீழாக மாற்றிப் போட்டால் 20 என்று நினைத்தது 50 ஆகிவிடும். உயிருக்கே ஆபத்து. பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிரிக்காத மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்துபோனால் அதைப் போடவே கூடாது.

சாப்பாட்டுக்கு முந்தைய ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் உடனே சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

நர்ஸ்களான எங்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு. டிஸ்சார்ஜ் அவசரத்தில் கடகடவென்று சொல்லிவிட்டு, "புரிஞ்சுதாய்யா?" என்று கேட்போம். எல்லாரும் தலையாட்டுவார்கள். நானும் அப்படி ஒரு பெரியவரை அனுப்பியிருக்கிறேன். ஒரு வாரத்தில் சுகர் ஏறித் திரும்பி வந்தார். "எப்படிப் போடுறீங்க, போட்டுக் காட்டுங்கய்யா" என்றேன். பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் கருவியில் ஊசியைப் பொருத்தினார், பெரிய மூடியைக் கழற்றினார், வயிற்றில் வைத்து அழுத்தினார், பொறுமையாகப் பத்து வரை எண்ணினார். உள்ளே ஊசியை மூடியிருந்த சின்ன மூடி அப்படியே இருந்தது. மருந்து முழுக்க அவர் வேட்டியில் வழிந்தது.