கிளாஸ் ஏ ஆம்ப்: ஸ்பீக்கர் ஓம் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளாஸ் ஏ என்றால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் அலை முழுவதும் ஆஃப் ஆகாமல் ஓடும் ஆம்ப். புதிதாக அதைக் கட்டுபவர்கள் சால்டரிங்கில் தவறுவது குறைவு, லோடு (ஆம்ப் ஓட்டும் ஸ்பீக்கரின் ஓம்) கணக்கில்தான் தவறுகிறார்கள். கெபாசிட்டர் போலாரிட்டி, ஃபியூஸ், எர்த் எல்லாம் எந்தச் சர்க்யூட்டுக்கும் பொது என்பதால் இங்கே விட்டுவிடலாம்.

4 ஓம் போட்டால் வாட் இரட்டிக்கும் என்று நம்புவது

கிளாஸ் ஏபி ஆம்பில் (சத்தம் கூடினால் ஒரு பக்க டிரான்சிஸ்டர் ஆஃப் ஆகி மறுபக்கம் மட்டும் ஓட்டும் வகை) பவர் சப்ளை தாங்கினால், ஓம் பாதியாகும்போது வாட் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். கிளாஸ் ஏ-யில் அது தலைகீழ். இரண்டு பக்க டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து ஓட்டும் புஷ்-புல் அமைப்பில் ஸ்பீக்கருக்குப் போகும் உச்ச கரண்ட், பயாஸ் கரண்டைப் (சிக்னல் இல்லாதபோதும் ஓடும் கரண்ட்) போல இரண்டு மடங்கு வரைதான் கிளாஸ் ஏ. அதைத் தாண்டியதும் ஒரு பக்க டிரான்சிஸ்டர் ஆஃப் ஆகிவிடும். ஆகவே கிளாஸ் ஏ வாட் = 2 × பயாஸ் × பயாஸ் × ஓம். ஓம் குறைந்தால் வாட்டும் குறையும்.

ரெயில் (சப்ளை வோல்ட்டேஜ்) ±22 வோல்ட், பயாஸ் 1.2 ஆம்பியர், அவுட்புட் எட்டக்கூடிய உச்ச சுவிங் 19 வோல்ட் என்று வையுங்கள். 8 ஓமில் வோல்ட்டேஜ் எல்லையும் கரண்ட் எல்லையும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 22.5 வாட்டில் வந்து நிற்கும். 4 ஓமில் கிளாஸ் ஏ 11.5 வாட்டோடு முடியும், அதற்கு மேல் வருவதெல்லாம் ஏபி. 16 ஓமில் கரண்ட் மிஞ்சிக் கிடக்கும், ஆனால் வோல்ட்டேஜ் போதாமல் 11 வாட் சொச்சத்தில் கிளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்படும்.

இதற்குப் பிறகு செய்வதுதான் பணத்தைத் தின்கிறது. 4 ஓமில் பவர் பற்றவில்லை என்று பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ரெயிலை ±30 வோல்ட்டுக்கு ஏற்றுகிறார்கள். பயாஸ் அதே 1.2 ஆம்பியர். சேனலுக்கு 53 வாட்டாக இருந்த வெப்பம் 72 வாட்டாகிறது. 4 ஓமில் கிளாஸ் ஏ எவ்வளவு கூடியது? ஒரு மில்லிவாட் கூட இல்லை. ஹீட் சிங்க் கைவைக்க முடியாமல் கொதிக்கிறது, டிரான்சிஸ்டர் போகிறது, "சர்க்யூட் சரியில்லை" என்ற முடிவுக்கு வருகிறார்கள். சர்க்யூட்டில் ஒரு குறையும் இல்லை!

4 ஓமுக்கு ரெயிலை இறக்க வேண்டும், பயாஸை ஏற்ற வேண்டும். ±16 வோல்ட், 1.65 ஆம்பியர் வைத்தால் அதே 53 வாட் வெப்பத்துக்கு 4 ஓமில் ஏறக்குறைய 21 வாட் சுத்தமான கிளாஸ் ஏ கிடைக்கும். பிரிட்டிஷ் ஆம்ப் வடிவமைப்பாளர் ஜான் லின்ஸ்லி ஹூட் 1969-இல் வெளியிட்ட 10 வாட் டிசைனைப் பாருங்கள். 15 ஓமுக்கு 36 வோல்ட், 0.9 ஆம்பியர், 8 ஓமுக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர். பெருக்கினால் இரண்டும் 32.4 வாட். லோடை முடிவு செய்த பிறகே வோல்ட்டேஜ் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சிங்கிள் எண்டடில் ஏபி கைகொடுக்கும் என்று நினைப்பது

கைகொடுக்காது. சிங்கிள் எண்டடில் ஒரே பக்க டிரான்சிஸ்டர்தான் சிக்னலை ஓட்டும், மறுபக்கம் மாறாத கரண்ட் தரும் கரண்ட் சோர்ஸ். இந்த அமைப்பில் உச்ச கரண்ட் பயாஸ் அளவுதான். 2 ஆம்பியரில் 8 ஓமுக்கு 16 வாட், 4 ஓமுக்கு 8 வாட். மேலே போனால் அலையின் ஒரு பாதி நேராக வெட்டுப்படும்.

பிரிட்ஜ் செய்வது

பிரிட்ஜ் என்றால் இரண்டு சேனலையும் எதிரெதிராக இணைத்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டுவது. ஒவ்வொரு பாதிக்கும் 8 ஓம் ஸ்பீக்கர் 4 ஓமாகத்தான் தெரியும், மேலே சொன்ன 4 ஓம் சிக்கலே இங்கும் வரும்.

பெட்டியில் எழுதிய ஓமை அப்படியே எடுத்துக்கொள்வது

8 ஓம் என்பது பெயரளவு. ஐஇசி என்ற சர்வதேச மின் தரநிலை அமைப்பின் விதிப்படியே 6.4 ஓம் வரை இறங்கலாம். கிராஸ்ஓவர் உள்ள பல ஸ்பீக்கர்கள் அதற்கும் கீழே போகின்றன. இம்பீடன்ஸ் கர்வில் (அலைவரிசைக்கு ஏற்ப ஓம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) மிகக் குறைந்த புள்ளியை வைத்துப் பயாஸ் கணக்கிடுங்கள். மல்டிமீட்டர் காட்டுவது டிசி ரெசிஸ்டன்ஸ் மட்டுமே, அதில் இந்தப் புள்ளி தெரியாது.

சீரிஸ் லேம்ப் மாட்டியபடியே பயாஸ் வைப்பது

சீரிஸ் லேம்ப் என்பது பாதுகாப்புக்காக மெயின்ஸ் இணைப்பில் தொடராக மாட்டும் பல்பு. முதல் ஆன், பயாஸ் பிரீசெட் (பயாஸைத் திருகிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்) குறைந்தபட்சத்தில் இருக்கும்போது மட்டும் லேம்ப். இரண்டு சேனலும் சும்மா நிற்கும்போதே 106 வாட் இழுக்கும். 100 வாட் லேம்ப் எரிந்து ரெயில் சரியும். அங்கே அளந்த பயாஸ் நேரடி மெயின்ஸில் அப்படியே நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஆறிய நிலையில் பயாஸை முடித்துவிடுவது

0.47 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் 564 மில்லிவோல்ட் வந்தால் 1.2 ஆம்பியர். முதலில் 400-இல் நிறுத்துங்கள். மூடியைப் போட்டு முக்கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு ஏற்றுங்கள், மறுபடி அரைமணி கழித்துப் பாருங்கள்.

பாட்டு ஓடும்போது ஹீட் சிங்க்கைச் சோதிப்பது

கிளாஸ் ஏ சும்மா நிற்கும்போதுதான் அதிகம் சூடாகும். 53 வாட்டுக்கு 25 டிகிரி ஏற்றத்தோடு நிறுத்த, சேனலுக்கு வாட்டுக்கு 0.47 டிகிரி அளவுள்ள சிங்க் தேவை. மே மாதத்தில் அறையே 35 டிகிரி என்றால் சிங்க் 60-ஐத் தொடும்.

வால்வ் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டுவது

கூடாது. வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்பில் ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.