புளூகில் மீனுக்கு ஃபோம் சிலந்தி

அமெரிக்கக் குளங்களில் புளூகில் என்ற சின்ன நன்னீர் மீனைப் பிடிக்க, சிலந்தி போல மிதக்கும் செயற்கை இரை ஒன்றைக் கட்டலாம். அதற்கு 10-ஆம் எண் தூண்டில் முள்ளும் 2 மி.மீ. ஃபோம் (மென்நுரை) பட்டையும் போதும். முள்ளின் தண்டில் முதலில் நூலை நெருக்கமாகச் சுற்றி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வைத்த பிறகே ஃபோமைக் கட்டுங்கள். வெறும் தண்டில் கட்டினால் உடல் சுழன்றுவிடும். முதல் இரண்டு சுற்று தளர்வாக, பிறகுதான் இறுக்கம். எடுத்தவுடன் இறுக்கினால் நூல் ஃபோமை அறுத்துவிடும். பக்கத்துக்கு இரண்டு ரப்பர் கால்.

முள்ளின் தண்டுக்கும் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பட்டை அடைக்கக் கூடாது. புளூகிலுக்கு வாய் சின்னது. அடைத்தால் கொத்தும், மாட்டாது. பலர் இதற்கு மீனைத் திட்டுகிறார்கள்!

கரையோரம் வீசி, நீர்வளையம் அடங்கியபின் லேசாக ஒரு சுண்டு. ஆழமாக விழுங்கும் மீன் என்பதால் முள் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், கழற்றுவது சுலபம்.