சிவனொளிபாத மலை ஏறப் போகிறவர்கள் அறை பிடிக்கும்போது செய்யும் தவறுகள்

இலங்கையின் சிவனொளிபாத மலைக்கு அறை தேடுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான்: அந்த அறையில் முழு இரவும் தூங்கப் போவதில்லை. சூரியன் உதிக்கும்போது உச்சியில் இருக்க வேண்டுமென்றால் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ அடிவாரத்தில் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அடிவாரத்து ஊரான நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் ஏறத்தாழ 5,500 படிகள். சாதாரணமாக நடக்கிறவருக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். உதயம் பார்த்து இறங்கி வரக் காலை ஒன்பது பத்து மணி ஆகிவிடும். ஆக, அறை உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டு நேரங்களில்தான். முதல் நாள் மாலையிலிருந்து நள்ளிரவு வரை கண்ணயர ஒரு தடவை, மறுநாள் காலை குளித்து உடுப்பு மாற்ற ஒரு தடவை. நீச்சல் குளம், பெரிய பால்கனி, காலைச் சாப்பாட்டு பஃபே என்று இணையத்தில் காட்டும் எதையும் நீங்கள் அனுபவிக்கப் போவதில்லை. அதற்குக் காசு கொடுக்கவும் வேண்டாம்.

அதிகம் பேர் ஏமாறுவது ஹட்டனில். ரயில் அங்கேதான் நிற்கிறது, கடைத்தெரு இருக்கிறது, வங்கி இருக்கிறது, அறையும் மலிவாகக் கிடைக்கிறது. சரி, இங்கேயே தங்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போய்ச் சேர 30 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதை, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. யாத்திரைக் காலத்தில் கூட்டம் உள்ள நாட்களில் இரவிலும் பஸ் ஓடும். மற்ற நாட்களில் நள்ளிரவில் ஒரு வேனையோ ஓட்டோவையோ போகவர வாடகைக்குப் பிடிக்க வேண்டியதுதான். அறையில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும், தூக்கமும் இரண்டு மணி நேரம் குறைந்துவிடும். ஹட்டனில் தங்குவதில் அர்த்தம் இருப்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்: ரயில் இரவு நேரம் கழித்து வந்து சேர்கிறது, மலை ஏறப் போவதோ அடுத்த நாள் இரவு என்றால் அந்த ஒரு இரவை அங்கே கழிக்கலாம். ரயிலை நம்பிப் போகிறவர்கள் அது அந்த வாரம் ஹட்டன் வரை ஓடுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மண்சரிவு வந்தால் முதலில் நிற்பது மலையக ரயில்தான். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் அந்தப் பாதையைப் பல இடங்களில் உடைத்துப் போட்டது.

இணையத்தில் 'மலைக்கு 6 கிலோமீட்டர்' என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அது வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளந்த தூரமாக இருக்கலாம். இடையில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கிடக்கிறது, பள்ளத்தாக்குகள் கிடக்கின்றன, பாதை அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் வரும். அறையிலிருந்து மலை தெரிகிறது என்பதும் அடிவாரத்துக்குக் கிட்ட என்பதும் ஒன்றல்ல. 2,243 மீட்டர் உயரமான மலை, வானம் வெளித்திருந்தால் எங்கிருந்தோ எல்லாம் தெரியும்.

அப்புறம், மலைக்குப் பாதை ஒன்றல்ல. இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலவிலிருந்து ஒன்று, குருவிட்டைப் பக்கம் எரத்னவிலிருந்து ஒன்று. இரண்டுமே நல்லதண்ணிப் பாதையைவிட நீளம். மலையின் பெயரைப் போட்டுத் தேடினால் இந்தப் பக்கத்து விடுதிகளும் கலந்து வரும். விலை குறைவு என்று இரத்தினபுரியில் அறை போட்டுவிட்டு நல்லதண்ணியில் ஏறலாம் என்று நினைத்தால், மலையையே சுற்றிக்கொண்டு பல மணி நேரம் வாகனத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவது அருமையான நடை, முடிந்தவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் பையை அறையில் விட்டுவிட்டு ஏறினால் அதை எடுக்கத் திரும்பவும் முதல் பக்கத்துக்கே வர வேண்டும். முதலில் பாதையை முடிவு செய்யுங்கள், அறை அதற்குப் பிறகு. நல்லதண்ணியை டல்ஹவுசி என்றும் இணையத்தில் போட்டிருப்பார்கள். அதே பெயரில் இந்தியாவின் ஹிமாசலப் பிரதேசத்திலும் ஒரு மலைநகர் உண்டு, காசு கட்டுமுன் எந்த நாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்லதண்ணிக்குள்ளேயே இடம் முக்கியம். விடுதிகளும் அறை வாடகைக்கு விடும் வீடுகளும் பாதையோரம் நீளமாகப் பரந்திருக்கின்றன. படிகள் தொடங்கும் பக்கம் ஒரு அறை, இரண்டு கிலோமீட்டர் முன்னால் பாதையோரம் ஒரு அறை என்றால், போகும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இறங்கி வந்த கால்களுக்குத் தெரியும். ஐயாயிரம் படி இறங்கிய முழங்கால் தானாக நடுங்கிக்கொண்டிருக்கும்போது தார்ப்பாதையில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் நடப்பது பெரிய தண்டனை. ஆகவே போனில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

"அண்ணே, மலை ஏறுற இடத்துக்கு உங்க வீட்டுல இருந்து எவ்வளவு தூரம்?"

"கிட்டத்தான், அஞ்சு நிமிசம்."

"நடந்தா அஞ்சு நிமிசமா, ஓட்டோவுலயா?"

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். அதே அழைப்பில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: "நாங்க காலையில பத்து மணிக்கு மேலதான் இறங்கி வருவோம். அதுவரைக்கும் ரூம் இருக்குமா?"

அறையைக் காலி செய்யும் நேரம்தான் இந்த மலையில் எல்லாவற்றையும்விட முக்கியம், ஆனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஊரில் எங்கும் போல இங்கேயும் சில இடங்களில் பத்து மணிக்கு அறையைக் கேட்பார்கள், பருவத்தின் உச்சத்தில் அதற்கும் முன்பே கேட்பார்கள். அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். நீங்கள் பனியிலும் வியர்வையிலும் நனைந்த உடுப்போடு, சப்பாத்துக்குள் வீங்கிய காலோடு வந்து நின்றால், பைகள் எல்லாம் கட்டி வராந்தாவில் வைக்கப்பட்டிருக்கும். குளிக்க இடமில்லாமல் அப்படியே பஸ் ஏறி ஹட்டன் வரை குந்தியிருக்க வேண்டும். நல்ல மனம் உள்ள விடுதிக்காரர்கள் பலர் அறையைக் கொடுத்த பிறகும் ஒரு பொதுக் குளியலறையை விட்டுவைத்து, ஒரு வாளி சுடுதண்ணி தருவார்கள். அது இலவசமா, வாளிக்கு இவ்வளவு என்று கணக்கா என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் காலையில் முகம் சுளிக்க வேண்டியிருக்காது. இரண்டு இடங்களில் ஒன்று கொஞ்சம் விலை கூட, ஆனால் மதியம் வரை அறை தருகிறது என்றால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

நாள் தேர்வில் செய்யும் தவறு பணத்தை இன்னும் வேகமாகக் கரைக்கும். யாத்திரைக் காலம் டிசம்பரில் உந்துவப் போயா (பௌர்ணமி) தினத்தில் தொடங்கி மே மாதம் வெசாக் போயாவோடு முடிகிறது. அதற்குள் வரும் ஒவ்வொரு போயாவும் அரச விடுமுறை. அதோடு சனி ஞாயிறும் சேர்ந்துவிட்டால் நாடே நல்லதண்ணியில்தான் இருக்கும். அறை விலை ஏறும், அதைவிட மோசமாகப் படிகளில் ஆட்கள் நகராமல் நிற்பார்கள். உதயத்தை வரிசையில் நின்றபடி பாதி மலையில் பார்க்க வேண்டி வரும். பௌர்ணமி வெளிச்சத்தில் பக்தர்களோடு பக்தராக ஏற வேண்டும் என்பது உங்கள் விருப்பமென்றால் அது வேறு. அந்த நெரிசலுக்கும் ஒரு புண்ணியம் உண்டு. அப்படி இல்லாதவர்கள் போயா வராத வாரத்தில் செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளை எடுங்கள். அதே அறை விலை குறைந்து கிடைக்கும், பாதையில் விளக்கும் தேநீர்க் கடையும் அப்போதும் இருக்கும்.

விலை பேசும்போது இணையத்தில் காட்டும் தொகையோடு நின்றுவிடாதீர்கள். அது டொலரில் இருக்கலாம், சில விடுதிகளில் அதன் மேல் 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வற் வரியும் ஏறும். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ரூபாவில் கேளுங்கள். இரவுச் சாப்பாடு சேர்த்துத் தரும் வீடுகள் பெரும்பாலும் லாபம், ஏழு மணிக்குச் சூடான சோறும் பருப்பும் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். அதே சமயம் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே அறை விடுகிறவர்களில் பலர் சின்ன முதலீட்டில், ஒரு வருடத்தின் உழைப்பை ஐந்தாறு மாதத்தில் எடுக்க வேண்டியவர்கள். கூட்டம் இல்லாத நாளில் நியாயமாகக் குறைத்துக் கேட்பது வேறு, ஆள் இல்லையே என்று அடிமட்ட விலைக்கு நெருக்குவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். அவர் உங்களுக்காக இரவு பன்னிரண்டு மணிக்கு எழுந்து தேநீர் போடப் போகிறவர்.

அறையே வேண்டாம், மாலையிலேயே ஏறி உச்சியில் படுத்துக்கொள்ளலாம் என்று இளைஞர்கள் சிலர் திட்டம் போடுவார்கள். உச்சியில் தங்கும் விடுதி கிடையாது. ஒதுங்குவதற்கு யாத்திரிகர் மண்டபம் உண்டு, ஆனால் தரை சீமெந்து, காற்று விடாமல் அடிக்கும், வியர்த்த உடம்போடு போய்ப் படுத்தால் அரை மணி நேரத்தில் பல் கிட்டும். காசு உண்மையிலேயே இல்லையென்றால் பாதையோர அம்பலங்களில் (யாத்திரிகர் ஓய்வு மண்டபங்களில்), அதுவும் கீழே உள்ளதில், ஒரு பெட்சீட்டோடு சாய்வது நல்லது. அங்கே குடும்பங்களும் வயதானவர்களும் படுத்திருப்பார்கள், சத்தம் போடாமல் இருங்கள்.

ஜூன் முதல் நவம்பர் வரை அறை மிக மலிவு. அதைப் பார்த்து மட்டும் போகாதீர்கள். பாதை விளக்குகள் எரியாது, கடைகள் மூடியிருக்கும், மழையும் அட்டையும் உண்டு, பல விடுதிகளும் பூட்டியிருக்கும். பெரும்பாலும் மஸ்கெலியாவில் பஸ் மாற வேண்டும், கடைசி பஸ் எப்போது என்று விடுதிக்காரரிடமே கேளுங்கள், அவருக்குத்தான் சரியாகத் தெரியும். இந்த மாதங்களில் போவதென்றால் வழிகாட்டி ஒருவரை அவர் மூலமாகவே பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு டோர்ச்சோடு ஏறுங்கள். பணத்தை ஹட்டனிலேயே எடுத்துவிடுங்கள். சின்ன வீடுகளில் வங்கி அட்டை எடுக்க மாட்டார்கள், இரவு எட்டு மணிக்கு ஐயாயிரம் ரூபா தாளுக்குச் சில்லறையும் கிடைக்காது.